உருத்திரமூர்த்தியின் மீசை

சனிக்கிழமை காலைகளில் உருத்திரமூர்த்திக்குச் சவரம் செய்பவள் அவருடைய தங்கை சிவகலா. சில்லுக் கதிரையைக் குளியலறைக் கண்ணாடிக்கு நேரே நிறுத்தி, கழுத்தில் பழைய துவாயொன்றைச் சுற்றி, கன்னமெல்லாம் நுரை பூசுவாள். அவருடைய மனைவி புனிதவதி குசினியில் நின்று லீக்ஸ் வெட்டுவாள். கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்காதபடி மெல்ல வெட்டுவாள். அந்தப் பக்கத்துக் கதை காதில் விழவேண்டுமே.

"சொண்டை உள்ளுக்கு இழுங்கோ அண்ணை. மீசை கோணலாய் நிக்குது."

"மீசை நேர்தான். முகந்தான் கோணல். அப்பாட்டைப் போய்க் கேள்."

"அப்பா செத்துப் பதினைஞ்சு வருசம்."

"அதுதான் துணிஞ்சு சொல்லுறன், கேள் எண்டு."

அண்ணனும் தங்கையும் சிரிப்பார்கள். புனிதவதி லீக்ஸை வெட்டி முடித்துவிட்டு, வெட்டத் தேவையில்லாத கரட்டையும் எடுத்து வெட்டுவாள்.

அவளுடைய கண்ணில் தைத்தது அந்த மீசைதான். முதுகுத் தண்டில் வந்த கட்டியை வெட்டி எடுத்து, கால்கள் போய், கைகளில் பாதி போய் அவர் வீட்டுக்கு வந்தது 2009இல். வந்த கிழமையே மீசையை மழித்தவள் புனிதவதி. சோறு ஒட்டும், சூப் ஒட்டும், ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும், எதற்கு? அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து வருடமாக ஒன்றும் சொல்லவில்லை. சிவகலா அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த முதல் சனிக்கிழமை, றேசரைக் கையில் வைத்துக்கொண்டு, "மீசை வைக்கிறீங்களோ, எடுக்கிறதோ அண்ணை?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியில் முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வைச்சுப் பார்ப்பம்" என்றார்.

வைத்தார். அது நரைத்து, அடர்ந்து, கல்யாணப் படத்தில் இருப்பதைவிட வடிவாய் வந்தது. புனிதவதிக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த ஐந்து வருடமும் அவள் செய்யாதது எது? விடிய எழுப்பி, தூக்கும் மெஷினில் ஏற்றி இறக்கி, குளிப்பாட்டி, உடுப்பு மாட்டி, தீத்தி, மருந்து கொடுத்து, பின்னேரம் பள்ளிக்கூடம் துப்புரவாக்கப் போய், திரும்பி வந்து, கீழே சலவை அறையில் தன்னுடைய முறை வருகிற நாளில் போர்வைகளைத் தோய்த்துக் காயப்போட்டு. சுவிஸில், அவர்கள் இருக்கிற சோலோதுர்ன் நகரில், எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும் பெண்கள் அவளைச் சுற்றி நின்று ஒன்றைச் சொல்வார்கள்: "புனிதவதி அக்கா இல்லாட்டி உருத்திரண்ணை இல்லை." அவள், "அப்பிடி என்ன செய்துபோட்டன்" என்பாள். சொல்லிவிட்டு இன்னொருமுறை சொல்வார்களோ என்று பார்ப்பாள்.

பிறகு, ஆஸ்பத்திரிச் சமூகசேவை அலுவலர் ஒருத்தி புதுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னாள். உடம்புக்கு ஏலாதவர்கள் விடுதிக்குப் போகாமல் வீட்டிலிருந்தபடி, தங்களுக்கு விருப்பமான ஆளைத் தாங்களே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், சம்பளத்துக்கு ஐ.வி. என்கிற அரசாங்கக் காப்புறுதி காசு தரும். யாரை எடுப்பது, எத்தனை மணிக்கு வரச் சொல்வது, எதைச் செய்யச் சொல்வது எல்லாம் அவர்கள் கையில். உருத்திரமூர்த்தி அதை மூன்றுமுறை திருப்பித் திருப்பிக் கேட்டார். உணவகக் குசினியில் பதினேழு வருடம் மற்றவர்கள் சொன்னதைச் செய்த மனுசன்.

"நான் முதலாளியோ?" என்றார்.

"ஓம், திரு உருத்திரமூர்த்தி. நீங்கள்தான் வேலை கொடுப்பவர்" என்றாள் அவள்.

பக்கத்திலிருந்த புனிதவதி, "அப்ப என்னை எடுக்கட்டும்" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். பாதிதான் பகிடி. அந்தப் பெண் தலையை ஆட்டினாள். மனைவியை எடுக்க முடியாது. பெற்றவர்களை, பிள்ளைகளை எடுக்க முடியாது. கூடப் பிறந்தவர்கள் என்றால் தடையில்லை.

பஸ்ஸில் வரும்போது புனிதவதி சிரித்தாள். "தாலி கட்டினவளுக்குச் சட்டம் இல்லையாம். கூடப் பிறந்தவளுக்கு இருக்காம். வெள்ளைக்காரன் நல்லாய்த்தான் யோசிச்சிருக்கிறான்."

அவர் சிரிக்கவில்லை. அந்தக் கிழமையே சிவகலாவுக்கு ரெலிபோன் எடுத்துவிட்டார். கடிகாரத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பில் வேலை போய், சிவகலா வீட்டில் இருந்த நேரம். திங்களிலிருந்து சனி வரை காலையில் அவள். ஞாயிறு புனிதவதி. புனிதவதிக்கு விஷயம் தெரியவந்தது எல்லாம் கதைத்து முடித்த பிறகுதான்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"வேலைக்கு ஆள் எடுக்கிறது முதலாளியின்ரை வேலை" என்றார். பகிடி என்று முகம் சொன்னது. அவளுக்கு அது பகிடியாய்ப் படவில்லை.

இன்டர்லாக்கனில் கல்யாணம் செய்து இருக்கிற மகள் கோபிஷா சந்தோசப்பட்டாள். "அம்மா, கடைசியாய் உங்களுக்கு ஒரு லீவு. காலமை எழும்பி நடக்கப் போங்கோ." புனிதவதி நடக்கப் போனாள். ஆரே ஆற்றங்கரையில் பாலம் வரைக்கும் போனாள். அங்கே நின்று, இப்போது அவரைக் குளிப்பாட்டி முடித்திருப்பாள், இப்போது துடைப்பாள், கால் விரல்களுக்கு நடுவில் துடைக்கிறாளோ தெரியாது, என்று யோசித்தாள். திரும்பி விறுவிறென்று வந்தாள். துடைத்துத்தான் இருந்தாள் சிவகலா. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சிவகலாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதற்கும் கேட்பாள். "எந்தச் சேட்டு அண்ணை, நீலமோ கோடு போட்டதோ?" "தேத்தண்ணி இப்பவோ, செய்தி முடியவோ?" "யன்னல் திறக்கட்டோ?" புனிதவதிக்குக் கேட்கக் கேட்க அலுப்பு வந்தது. இத்தனை கேள்வி கேட்டால் வேலை எப்போது முடிகிறது? அவளுக்குக் கேட்கத் தேவையில்லை. அவருக்கு எது நல்லது என்று அவளுக்குத் தெரியும். கோடு போட்ட சேட்டு அலுமாரியின் அடியில் கிடந்தது. அதை அவர் கேட்டு எடுப்பித்துப் போட்டார். அது அவருக்குப் பிடித்த சேட்டு என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

அதைவிடப் பெரியது சீட்டு. சனிக்கிழமை பின்னேரங்களில் கூட்டாளி குகநாதன் வீட்டில் நாலு பேர் கூடி முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். வருத்தத்துக்கு முதல் உருத்திரமூர்த்தி அதில் புலி. வருத்தத்துக்குப் பிறகு, களைப்பார், கையில் சீட்டு நில்லாது, நாலு பேர் பரிதாபமாய்ப் பார்ப்பார்கள் என்று சொல்லிப் புனிதவதி அந்தக் கதையை முடித்துவைத்திருந்தாள். சிவகலா ஒரு மரத்துண்டில் நீளமாய் வெட்டு வைப்பித்துக் கொண்டுவந்தாள். அதில் சீட்டுகளைக் குத்தி நிறுத்தலாம். உயிருள்ள இரண்டு விரலால் ஒன்றை உருவிப் போடலாம். அவளே அவரைக் குகநாதன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டும் போனாள்.

முதல் சனிக்கிழமை புனிதவதி பொறுத்துப் பார்த்தாள். இரண்டாவது சனிக்கிழமை அவருடைய மருந்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மருந்து அவர் பையில் ஏற்கெனவே இருந்தது. அது அவளுக்கும் தெரியும். குகநாதன் வீட்டு வாசலில் நிற்கும்போதே உள்ளே சத்தம்.

"முதலாளி துரும்புச் சீட்டை ஒளிக்கிறார்!"

"மீசைக்குள்ளையோ ஒளிச்சிருக்கிறீர்?"

"இருக்கிறவன் வைப்பான். மொட்டைச் சொண்டுக்காரர் வாயை மூடும்."

அது அவளுடைய மனுசனின் குரல். அந்தக் குரலை அவள் கேட்டு எத்தனையோ வருடம். உள்ளே போனாள். மற்ற மூன்று பேரும் எழும்பி, "வாங்கோ, வாங்கோ" என்றார்கள். சிவகலா, "இருங்கோ மச்சாள், தேத்தண்ணி போடுறன்" என்றாள், தன் வீட்டைப்போல. உருத்திரமூர்த்தி புனிதவதியைப் பார்த்தார். ரயிலில் டிக்கெட் பார்க்க வருகிறவரைப் பார்ப்பதுபோல.

அன்றிரவு, படுக்கையில் அவரைச் சரித்துவிட்டுக் கேட்டாள். "நான் வந்தது பிடிக்கேல்லையோ?"

"வரலாம். விளையாட வந்தா வரலாம்."

"அஞ்சு வருசம் செய்தனே. ஒரு நாள் முகம் சுளிச்சனோ?"

"இல்லை" என்றார். "இஞ்சை பாரும். அவளுக்குச் சம்பளம் குடுக்கிறன். இது வேண்டாம் எண்டு அவளுக்குச் சொல்ல எனக்கு வெக்கமில்லை. உமக்கு என்னத்தைக் குடுத்து வேண்டாம் எண்டு சொல்லுறது?"

புனிதவதி இதை நன்றி என்று எடுத்துக்கொண்டாள். தனக்கு அவரிடம் இருக்கும் இடம் சம்பளத்துக்கு மேலே என்று எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் நல்ல சந்தோசமாய் இருந்தாள்.

சிவகலாவின் வேலை ஒப்பந்தம் வருடம் முடிந்து புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்தது. அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. புனிதவதி தனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஞாயிறோடு சனியும் தனக்கு வேண்டும். குளிப்பும் சவரமும் வேண்டும். மற்ற நாட்களில் அவள் வந்து எதையாவது செய்துவிட்டுப் போகட்டும். இதைக் கேட்பதற்கு ஒரு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் தானாய் வந்தது. சூரிச்சில் சிவகலாவின் புருசன் வழியில் பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சாமத்தியவீடு. சனிக்கிழமை வரமாட்டாள்.

"நான் இருக்கிறன்தானே. யோசிக்காமல் போயிட்டு வாரும் மச்சாள்" என்றாள் புனிதவதி. இத்தனை மாதத்தில் சிவகலாவிடம் அவள் மனதாரச் சொன்ன முதல் வார்த்தை அது.

சனி காலை அவள் வெள்ளெனவே எழும்பினாள். அவரைக் குளிப்பாட்டினாள். கை பழைய வழியிலேயே போயிற்று, ஒன்றும் மறக்கவில்லை. நீலச் சேட்டை எடுத்து மாட்டினாள். "கோடு போட்டது" என்றார் அவர். "இது போட்டாச்சே, இருக்கட்டும்" என்றாள். கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி நுரை பூசினாள்.

"மீசையைத் தொட வேண்டாம்" என்றார்.

"ஓம், ஓம்."

"குகநாதன் ரெண்டு மணிக்கு வந்து ஏத்துறன் எண்டவன்."

"இண்டைக்கும் போறீங்களோ? இண்டைக்கு நானெல்லோ நிக்கிறன். நண்டு வாங்கி வைச்சிருக்கிறன்."

"நண்டை வந்து சாப்பிடுவன். கலா இல்லாட்டியும் நாலு பேர் இருக்கினம், பாத்துக்கொள்ளுவினம்."

கலா. அவள் இல்லாத நாளிலும் அவளுடைய பெயர்தான். புனிதவதி வலது கன்னத்தை முடித்தாள். இடது கன்னத்தை முடித்தாள். நாடியை முடித்தாள். வெள்ளை நுரைக்கு மேலே மீசை மட்டும் நின்றது. அவளைக் கேட்காமல் வளர்ந்த மீசை. மூக்கைப் பெருவிரலால் மெல்ல உயர்த்தினாள். றேசரை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

கண்ணாடியில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கையை உயர்த்தப் பார்த்தார். அது நெஞ்சு மட்டும் வந்து நின்றது.

"கை தவறிட்டுது" என்றாள்.

ஒரு பக்கம் போனபிறகு மற்றப் பக்கத்தை வைத்து என்ன செய்வது? அவள் மற்றப் பக்கத்தையும் எடுத்தாள். இந்த முறை கை தவறியது என்று சொல்லவில்லை. துவாயால் முகத்தைத் துடைத்து, "ஆ, இப்பத்தான் என்ரை மனுசன் மாதிரி இருக்கு" என்றாள். சொல்லும்போதே குரல் தனக்கே அந்நியமாய்க் கேட்டது.

அவர் குகநாதனுக்கு ரெலிபோன் எடுத்து, வரவில்லை என்றார். ஏன் என்று சொல்லவில்லை. நண்டுக் குழம்பில் இரண்டு வாய் வாங்கிவிட்டுப் போதும் என்றார். அவள் ஓட்டை உடைத்து, சதையை எடுத்து, கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் வாய் திறக்கவில்லை. அந்தச் சதையை அவளே சாப்பிட்டாள்.

பின்னேரம் அவள் கோப்பை கழுவும்போது முன்னறையிலிருந்து அவருடைய குரல் கேட்டது. குழாயை நிறுத்தினாள். ரெலிபோனில் சிவகலா. அந்தப் பக்கம் மேளச் சத்தம்.

"ஓம், நல்லாய் நடக்குதோ? சரி... ஒண்டுமில்லை, ஒரு விசயம். புது ஒப்பந்தத்திலை ஞாயிறையும் போடுவம்... ஓம், ஞாயிறும் நீ வா. ஏலாட்டி வேறை ஆள் பார்ப்பன்... இல்லை, சண்டையில்லை. நான் யோசிச்சுத்தான் சொல்லுறன்."

புனிதவதி ஈரக் கையோடு முன்னறை வாசலில் வந்து நின்றாள். அவர் ரெலிபோனை மடியில் வைத்தார். மீசையில்லாத மேலுதடு வெளிறி, சின்னப் பிள்ளையுடையதைப் போல இருந்தது.

"ஞாயிறும் அவளோ?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒரு மீசைக்கோ? வளருந்தானே அது. ரெண்டு கிழமையிலை வளருந்தானே?" கை நீர் தரையில் சொட்டியது. "அப்ப எனக்கு என்ன நாள் இருக்கு? சொல்லுங்கோவன். நான் இந்த வீட்டிலை ஆர்?"

உருத்திரமூர்த்தி கதிரையின் கைப்பிடியிலிருந்த சின்னத் தடியில் இரண்டு விரலையும் வைத்தார். கதிரை மெல்ல உறுமித் திரும்பியது. படியில்லாமல் ஆக்கி வைத்திருந்த பல்கனி வாசலால் அவர் வெளியே போனார்.