பூட்டில்லாத பச்சை

கஜபதி காலமான செய்தி, வேலூரில் இருக்கும் பழைய அலுவலக நண்பரின் தொலைபேசி அழைப்பில், காலைக் காப்பிக்கு முன்பே வந்தது. நிதானமாக வருந்தக்கூட ஊர் என்னை விடவில்லை. மதியம் வெளியே வந்தால் தெருமுனையில் அவர் படத்தோடு ஒரு பேனர்: ‘ஆரணியின் பூங்கா நாயகர்’. அவர் ஆரணிக்கு எந்தப் பூங்காவையும் கொண்டுவரவில்லை. வரவிருந்த ஒன்றைத் தடுத்தார். அவரை அறிந்தவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் பேனரின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

மண்டலத் திட்ட அலுவலகத்தில் அவர் திட்ட அலுவலர், நான் வரைபடப் பிரிவு. எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று வகை பிரித்து வண்ணமிடுவது எங்கள் வேலை. பூங்கா, விளையாட்டுத் திடல், பொழுதுபோக்கு இடம் எல்லாம் பச்சையில் வரும். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். கோடு கோணினால் பொறுக்க மாட்டேன். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் ‘மதர்’. என் கணவர் இறந்து நான் வேலைக்குத் திரும்பிய நாளில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். கஜபதி மட்டும் ஒரு வரைபடத்தை என் மேசைமேல் விரித்து, “இன்னா மதர், நீங்க ரெண்டு வாரம் இல்லன்னா ஆறுகூட நேரா ஓட மாட்டேங்குது” என்றார். அந்த மரியாதையை வேறு யாரும் எனக்குத் தரவில்லை.

எங்கள் தெருவை ஒட்டிய திடலைத்தான் சொல்ல வேண்டும். விடிந்ததும் நெசவாளர்கள் அங்கே தறியில் ஏற்ற வேண்டிய பட்டுப் பாவு நூலை நீளமாக விரித்து, இழுத்துக் கட்டி, இழைகளைச் சீர் செய்வார்கள். வெயில் ஏறுமுன் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மாலையில் அதே இடத்தில் பிள்ளைகளின் கிரிக்கெட், பெண்களின் நடை. கணக்கெடுக்கப் போனவர்கள் உச்சிவெயிலில் போய், ஆளே இல்லை என்று ‘காலி நிலம்’ என எழுதி வந்தார்கள். காலி நிலம் என்று வரைபடத்தில் ஏறினால் கடைகள் முளைக்க அதிக காலம் ஆகாது.

கஜபதி கொதித்தார். “உச்சி வெயில்ல நாய்கூட அங்க வராதுய்யா. அதுக்காக ஆரணியில நாயே இல்லன்னு எழுதுவியா?” மறுநாள் விடியலில் எல்லோரையும் திடலுக்கு இழுத்துப் போனார், மாலையிலும் நிற்க வைத்தார்.

அடுத்து நடந்த அலுவலகக் கூட்டத்தில் மேலதிகாரி விடவில்லை. “காலையில தொழில் பண்றாங்களே, அது எப்படி விளையாட்டுத் திடல் ஆகும்?”

“சாமி போற தெருவ கோயில்னா சார் எழுதுறோம்? தெருன்னுதானே எழுதுறோம்.”

அப்படியானால் பூங்கா என்று போடலாமே என்றார் அதிகாரி. அதற்கும் இவர் சம்மதிக்கவில்லை. பூங்கா என்றால் சுவர் வரும், கேட் வரும், புல்லை மிதிக்காதே என்று பலகை வரும். “பூட்டு போட்ட பச்சை ஊருக்கு ஆகாது” என்றார். பச்சை குறைகிறதென்று யாரோ சந்தவாசல் பக்கத்து மலையைக் கணக்கில் சேர்க்கச் சொன்னபோது, “ஆரணிப் புள்ள பஸ் ஏறிப் போயா பந்து போடும்?” என்று கேட்டார். கடைசியில் சுவரில்லாத விளையாட்டுத் திடல், காலைப் பாவு வேலைக்குத் தடையில்லை என்று அது பதிவானது. அந்தப் பச்சையை என் கையால் தீட்டினேன்.

அந்தக் கூட்டத்தில் நானும் எழுந்து அவர் பக்கம் பேசியபோது என்னை ஓரிரு முறை உட்காரச் சொன்னார்கள். வெளியே வந்ததும் கஜபதி சொன்னார்: “உட்காருங்கன்னா உட்காராதீங்க மதர். நாம உட்கார்ந்தா கலர மாத்திடுவாங்க.”

போன வாரம் கல்யாண மண்டபத்தில் இரங்கல் கூட்டம். ஒரு பிரமுகர் மைக்கைப் பிடித்து, அந்தத் திடலில் கஜபதியின் பெயரால் பூங்கா அமையும் என்று அறிவித்தார்: சுற்றுச்சுவர், நீரூற்று, காலை எட்டு மணிக்குத் திறக்கும் கேட். கைதட்டினார்கள். இறந்தவரின் பெயரை வைத்தே அவர் செய்ததை அழிக்கும் துணிச்சலை நான் அதுவரை பார்த்ததில்லை. எழுந்தேன்.

“அந்த இடம் பூங்கா இல்லை. சுவர் கூடாது என்று எழுதி வைத்தவருக்கே சுவர் கட்டுகிறீர்களா?”

“உட்காருங்கம்மா. துக்க வீட்டுல இன்னாத்துக்கு பேஜாரு? அப்புறம் பேசிக்கலாம்.”

பின் வரிசையிலிருந்து ஒரு நெசவாளப் பெண் குரல் கொடுத்தாள். “ஏன், இப்பவே பேசட்டுமே! எட்டு மணிக்கு கேட்ட தொறந்தா நாங்க பாவ எங்க இழுத்துக் கட்டறது, உன் மீசையிலயா?”

மண்டபம் சிரித்தது. பிரமுகர் மீசையைத் தடவிக்கொண்டு, அதிகாரிகள் இடத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்றார். அவர்களை உச்சிவெயிலில்தான் அழைத்து வருவார் என்பதை நான் அறிவேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கஜபதிக்கு மாலை வாங்கும் எண்ணமிருந்தால் வேண்டாம். அதிகாரிகளை விடியலில் வரச் சொல்லுங்கள். நீங்களும் பாவு விரித்திருக்கும்போது வந்து நில்லுங்கள்.

அவருடைய பேனா, கண்ணாடி, புத்தகங்கள் எல்லாம் அவர் பிள்ளைகளுக்கு. எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு கெட்ட பழக்கம். அன்று கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கும்வரை, அத்தனை பேர் சொல்லியும், நான் உட்காரவில்லை.