அம்மா வாயசைக்கும் கேசட்

கண்ணாடிக் கடையில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. வாங்க வந்தவர் சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் இவள் விடமாட்டாள், கழற்றி இன்னொரு தடவை தேய்ப்பாள். வீட்டில் அலமாரிக் கதவு ஒரு நூல் சாய்ந்திருந்தால் அன்றைக்குத் தூக்கம் வராது. நாற்பத்தோரு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லையே என்று அங்கலாய்ப்பவர்கள் அங்கலாய்த்துக்கொண்டே இருக்கட்டும். அப்பாவும் அவளுமாக இரண்டாம் மாடி வீட்டில் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

அம்மா அவளுடைய ஆறாவது வயதில் போய்விட்டாள். வெளியூருக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்து, அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று அப்பா சொல்லியிருந்தார். அதன் பிறகு தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது எல்லாம் அப்பாதான். தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் தெருத்தெருவாக அலைந்துவிட்டு வந்து, மகளுக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்த மனிதர். அவரைக் குறை சொல்ல யாருக்கும் நாக்கு வராது.

அம்மாவுக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு வீடியோ கேசட். அதில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசுவாள். வாய் அசையும், பேச்சு கேட்காது, வயலின் இசைதான் ஓடும். மைக் கெட்டுப்போயிருந்தது, ஊமைப்படமாக இருக்கவேண்டாமே என்று இசையைச் சேர்த்தேன் என்பார் அப்பா. அம்மா என்ன சொல்கிறாள் என்று சின்ன வயதில் கேட்டபோதெல்லாம், உனக்குக் கதை சொல்கிறாள் என்றார்.

கதை சொல்கிறவள் இப்படியா சொல்வாள்? இரண்டு வார்த்தை பேசுவாள், நிறுத்துவாள். தலையைச் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்பாள். பிறகு சரி என்பதுபோலத் தலையாட்டுவாள். எதிரே யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு முழு நிமிஷம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த ஒரு நிமிஷம் என்றால் மகளுக்கு உயிர். பரீட்சைக்குப் போகும் காலைகளில் அந்த இடத்தை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

இப்போது கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. வீட்டில் கேசட் ஓட்டும் பழைய டெக் வேறு டேப்பைக் கடிக்க ஆரம்பித்தது. இன்னும் நாலைந்து தடவை ஓடினால் அதிகம். அதற்குள் டிஸ்க்கில் ஏற்றிவிடவேண்டும் என்று முடிவு செய்தாள். அப்பா மட்டும், "விடும்மா, அது அதோட காலத்துக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எதற்கும் வேண்டாம் என்று சொல்லாத மனிதர் சொன்னது அது. அவர் துக்கம் அப்படிப் பேசவைக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

கடைக் கேஷியர் பேச்சைக் கேட்டுக் டேப்பிலிருக்கும் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கட்டைவிரல் நீளக் கருவி ஒன்றை வாங்கி லேப்டாப்பில் மாட்டினாள். படம் ஏறியது. ஆனால் நடுநடுவே காட்சிகள் விடுபட்டன. அம்மா தலையாட்டுவதில் பாதியைக் காணோம். அளவுக்காரி பொறுப்பாளா? கருவியைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, பழைய எலெக்ட்ரானிக்ஸ் விற்கிறவரிடம் போனாள்.

அவர் வாய் ஓயாத மனிதர், ஆனால் விஷயம் தெரிந்தவர். டேப் படத்தை உள்வாங்கும் கார்டு உள்ளேயே பொருத்திய பெரிய கம்ப்யூட்டர், படத்துக்கென்றே தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க், டிஸ்க் எழுதும் டிரைவ் என்று அடுக்கிவிட்டு, இதெல்லாம் அப்புறம், முதலில் நல்ல டெக் வேண்டும் என்றார். டேப்பில் சத்தம் இரண்டு இடத்தில் பதிந்திருக்குமாம். ஓரத்தில் ஒரு கோடாக ஒன்று, படத்தோடு படமாக உள்ளே ஒன்று. சாதா டெக் ஓரத்தை மட்டும் படிக்கும், இவர் கொடுக்கும் டெக் உள்ளே இருப்பதைப் படிக்கும். அவளுக்கு அதில் அக்கறை இல்லை. படம் ஆடாமல் வருமா என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்து கிடந்தது. கேசட்டை உள்ளே தள்ளி, பதிவு பட்டனை அழுத்தினாள். அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வயலின் வரவில்லை. ஒயர் கழன்றிருக்கும் என்று மேசைக்கு அடியில் குனிந்து தடவினாள்.

முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பாப்பா, நிமிர்ந்து உட்காரு. உன்ன நல்லாப் பாக்கணும்."

அளவுக்காரியின் குரலேதான். ஆமாம், அவளே பேசியதுபோல் இருந்தது. கடையில் ஃபோன் எடுத்துப் பேசும் அதே குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினால் அறையில் யாரும் இல்லை. திரையில் அம்மா, அவள் நிமிர்வதற்காகவே காத்திருந்தவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து வயசு ஆயிடுச்சா?" அம்மா நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள். நாற்பத்தோரு வயதுக்காரி தன்னையறியாமல் ஆமாம் என்று தலையாட்டினாள். "சரி" என்றாள் அம்மா, சரியாக அந்த நேரத்தில். இவளுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடவில்லை. முப்பத்தைந்து வருஷமாக இந்தக் குரலுக்குத்தானே ஏங்கினாள்.

அம்மா அவசரமில்லாமல் பேசினாள். அப்பாவுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை, நாளைக் காலையில் நான் கிளம்புகிறேன், உனக்குப் பத்து வயதானதும் இதைப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறேன் என்றாள். செத்தவள் பேசுகிறாள் என்று நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு, இந்தப் பேச்சில் சாவே இல்லை என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

"நான் இருக்கற இடத்தோட அட்ரஸ் அப்பாகிட்ட இருக்கு. எங்கூட வந்து இருக்கியா பாப்பா? யோசிச்சுச் சொல்லு."

பிறகு அம்மா பேசவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக் காலைகளில் இவள் ஆசை ஆசையாகப் பார்த்த நிமிஷம் அது. பதிலுக்காகக் காத்திருந்த முகத்தைத்தான் இத்தனை வருஷமும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். இவள் வாயைத் திறந்தாள். அதற்குள் படம் முடிந்து திரை நீலமானது.

உள்ளறை வாசற்படியில் அப்பா நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"மேல பாட்டு போட்டா அவ பேச்சு அழிஞ்சிடும்னு நெனச்சேன்" என்றார். "மொகத்தையும் அழிச்சிருப்பேன். நீ தினம் அத வந்து கேட்ட."

அவளுக்குக் கோபமாக வந்தது. ஆனாலும் கேட்கவேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"உயிரோட இருக்காங்களாப்பா?"

"தெரியல." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "உனக்குப் பத்து வயசானப்ப ஒரு லெட்டர் வந்துச்சு. பாப்பா கேசட் பாத்தாளா, என்ன சொன்னான்னு கேட்டிருந்தா."

"நீங்க என்ன எழுதினீங்க?"

அப்பா நீலத் திரையைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தா, வரமாட்டேன்னு சொல்லிட்டான்னு எழுதினேன்."