கழியில் நின்ற குட்டையனும் நெட்டையனும்

ஓலைப்பெட்டியின் இடுக்கில் கசியும் மீன்தண்ணீர் சும்மாட்டை நனைத்து, பிடரி வழியாக இறங்கி, முதுகுத்தண்டில் சில்லென்று ஓடும். கீழே சேறு கால்விரல்களுக்கு நடுவே பிதுங்கிக்கொண்டு ஏறும். என் சின்ன வயதுக் காலைகள் பெரும்பாலும் இப்படித்தான் விடிந்தன. எங்கள் ஊருக்கும் கரைவலை இழுக்கிற மணல்திட்டுக்கும் நடுவில் ஒரு கழி, அதாவது கடலிலிருந்து உள்ளே புகுந்து பரந்து கிடக்கும் உப்புத்தண்ணீர். திட்டில் வாங்கிய மீனைச் சுமந்துகொண்டு அதைக் கடந்துபோய்த்தான் உச்சிப்புளிக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டதால் அம்மாவுக்குப் பின்னால் நானும் ஒரு சின்னப் பெட்டியோடு நடந்தேன்.

அந்தக் கழியில் நேற்று நடந்த தடம் இன்று பள்ளமாகிவிடும். அதனால் எங்கள் பெண்கள் தண்ணீரைப் பார்த்து இறங்குவதில்லை, பறவையைப் பார்த்து இறங்குவார்கள். புரட்டாசி முதல் பங்குனி வரை உள்ளான்களும் அவற்றின் சொந்தக்காரக் கூட்டமும் கழி முழுக்க நிற்கும். சிட்டுக்குருவி அளவு ‘பொடி உள்ளான்’ ஓடுகிற இடத்தில் பாதம்தான் நனையும். சிவப்புக் காலுள்ளதில் இரண்டு வகை: ‘குட்டையன்’ வயிறு நனைய நின்றால் நமக்குக் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, ‘நெட்டையன்’ வயிறு நனைய நின்றால் என்னைப் போன்ற சிறுமிக்கு முழங்கால், அதற்குக் கீழே சேறு. வேறு யாருக்கும் பறவையின் காலை அளவுகோலாகப் பார்க்கத் தோன்றியிருக்குமா, தெரியவில்லை.

ஒருநாள் வெயில் முகத்துக்கு நேரே அடித்தது. நிறமும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. நெட்டையனைக் குட்டையன் என்று நினைத்து இறங்கி, தொடைவரை புதைந்து, பெட்டியோடு சாய்ந்துவிட்டேன். சாளை மீன் எல்லாம் மறுபடி தண்ணீரில் மிதந்தது. எங்களோடு வரும் சூசையம்மா சித்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஏண்டி, செத்த மீனுக்கு நீச்சலா சொல்லிக் குடுக்குற? காலு தெரியலேன்னா மூக்கப் பாக்கணும்டி. நெட்டையனுக்கு ஊசி கணக்கா இருக்கும்ல?”

அம்மா திட்டவில்லை. “சத்தம் போடாத, எல்லாம் பறந்துரும், அப்பறம் எங்கன கால வைக்கிறது?” என்றாள். இவ்வளவுதான் காரணம். எங்கள் ஊரில் அவற்றின் மேல் யாரும் கல்லெறியாதது அன்பினால் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

கண்ணி வைத்துப் பிடித்து விற்பவர்களும் இருந்தார்கள், நாங்களும் குழம்பு வைத்துத் தின்றிருக்கிறோம். புரட்டாசியில் வந்திறங்கியதை உரித்தால் நெஞ்செலும்பு கத்தி போலத் துருத்தும். பங்குனியில் அதே பறவைக்குத் தோலுக்கடியில் மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு. ஆனால் அம்மா பங்குனியில் மட்டும் அதை வாங்க மாட்டாள். கண்ணிக்காரர், “இப்பத்தான் தாயி ருசி” என்று கெஞ்சினாலும், “ஊருக்குக் கெளம்புற சீவன் கட்டுச்சோறு கட்டி வச்சிருக்கு. அதைப் பிடுங்கித் திங்கச் சொல்றீகளா?” என்று கதவைச் சாத்திவிடுவாள்.

இப்போது கழியின் குறுக்கே ரோடு வந்துவிட்டது. யாரும் இறங்கி நடப்பதில்லை. ஆகவே யாருக்கும் அந்தப் பறவைகள் தேவையில்லை. தேவையில்லை என்றால் விட்டுத் தொலைக்கலாம் அல்லவா? விட மாட்டேன் என்கிறார்கள்.

என் தம்பி மகன் அருள் வேன் ஓட்டுகிறான். இராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு வருகிறவர்களைத் திட்டுக்குக் கூட்டிப்போவான். போன பங்குனியில், அங்குள்ள மாதா குருசடியில் மெழுகுவத்தி ஏற்ற என்னையும் ஏற்றிக்கொண்டான். கடல் பெருகி ஏறியிருந்த நேரம். மேய இடமில்லாமல், மிச்சமிருந்த மணலில் அத்தனை பறவைகளும் ஒற்றைக் காலில், முதுகுச் சிறகுக்குள் மூக்கைச் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. அருள் வண்டியை அவற்றின் பக்கமாகத் திருப்பி, ஹாரனை அழுத்தினான். எல்லாம் அலறிக்கொண்டு எழும்பின. உள்ளே கைதட்டல். சுற்றிச் சுற்றிப் பறந்து, அவை மறுபடி வந்து அமர்ந்தபோது பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: “அண்ணே, இன்னொரு தடவை அடிங்க, நான் வீடியோ ஆன் பண்ணல.”

அடித்தான். அப்புறம் வேறொருவருக்காக மறுபடியும் அடித்தான்.

அந்நியர் நடுவில் எனக்கு வாய் வராது. அன்றைக்கு வந்தது.

“ஏலே அருளு, கைய எடுலே!”

“என்ன அத்த நீங்க, றெக்க இருக்கு, பறக்குது. வந்தவுக ஆசப்படுறாக.”

“ஒன் வண்டி டீசல ரோட்ல ஊத்துனா சும்மா இருப்பியா? அதுக ஒடம்புல இருக்கிறதும் ஊரு போய்ச் சேரத்தாண்டா. நீ அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அதுல கொறையுதுல்ல? நடுக்கடல்ல தீந்துபோனா அங்கன எந்த டீசல் பங்க் இருக்கு?”

“பாட்டி செம!” என்று சிரித்தார்கள். செல்போன்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனால் பேசியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அருள் முணுமுணுத்தபடி வண்டியைப் பின்னால் எடுத்தான்.

நான் இல்லாத நாளில் அடிக்கிறான் என்று பிறகு காதில் விழுந்தது. உயிரோடிருக்கிற ஒன்றைத் தூங்கவிடாமல் எழுப்பி, அது பதறுவதை வேடிக்கை பார்ப்பதற்கு ஊர் ஊராகப் பணம் கட்டி வர வேண்டுமா?

இந்த வருடம் பொடி உள்ளான் குறைந்துவிட்டது. திட்டில் நெட்டையன் சில தெரிகின்றன. குட்டையனை நான் இன்னும் பார்க்கவில்லை. கடல் பெருகும் நாளெல்லாம் மாதாவுக்கு நேர்ந்திருப்பதாகச் சொல்லி அருளின் வண்டியில் ஏறி, அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். அவன் கை ஹாரன் பக்கம் போனால் திரும்பி ஒரு பார்வை, அவ்வளவுதான். கை இறங்கிவிடும்.

திட்டுக்கு இப்போது வேறு வண்டிகளும் நிறைய வருகின்றன. அவற்றை ஓட்டுகிற யாருக்கும் நான் அத்தை இல்லை.