சங்கரசுப்புவின் பெருவிரல்

சங்கரன்கோவிலில் நைட்டிக் கடை வைத்திருக்கும் சங்கரசுப்புவுக்குச் சர்க்கரை நோய் வந்ததில் பெரிய வருத்தம் இல்லை. ஊருக்குப் புத்தி சொல்ல ஒரு விஷயம் கிடைத்ததே என்றுதான் இருந்தார். வாட்ஸ்அப்பில் யாரோ விற்ற மூலிகைப் பொடியை வாங்கினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரைகளைப் பீரோவுக்கு மேலே வீசினார். கடைக்கு வரும் பெண்களிடம் பொடியின் பெருமையைப் பேசிப் பேசி, அவர்கள் நைட்டியே வேண்டாமென்று ஓடும்படி செய்தார்.

அந்த நேரத்தில்தான் செருப்பு கடித்து வலது கால் பெருவிரலில் புண் வந்தது. ஆறவே இல்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சுகாதார நிலைய டாக்டர் சொன்னதும், அதே கட்டடத்தில் சித்தா பிரிவில் இருக்கும் டாக்டர் வித்யாலட்சுமியிடம் போனார். நம்ம மருத்துவம் படித்த பிள்ளை, நம்ம பக்கம்தானே பேசும்?

வித்யாலட்சுமி பொடியை முகர்ந்து பார்த்தார். "இதுல என்ன கலந்திருக்குன்னே போடலையே அண்ணாச்சி. எத்தனை பேருக்குக் குடுத்துப் பாத்தாங்க, எவ்வளவு இறங்குச்சு, ஏதாவது தெரியுமா?"

"ஆயிரம் வருசத்து மருந்தும்மா. இதுக்குப் போயி கணக்கு கேக்கியளே."

"நான் குடுக்கிற மருந்துக்கும் அதையேதான் கேப்பேன். மாத்திரைய மறுபடி ஆரம்பிங்க. வெள்ளிக்கிழமை ரத்தம் குடுங்க, பாப்போம்."

சங்கரசுப்பு அதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டார். ஊரில் பாதிப் பேர் செய்வதையே அவரும் செய்தார். ரத்தம் கொடுப்பதற்கு முன்பு இரண்டு நாள் சோறில்லாமல் கிடந்தார். மனைவி பிரம்மநாயகி வைத்த இட்லியையும் தள்ளிவிட்டார்.

"டாக்டர ஏமாத்துனா என்ன பரிசா தரப் போறாக?" என்றாள் அவள்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக இறங்கியிருந்தது. அவர் மீசையைத் தடவினார். வித்யாலட்சுமி இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். அது அதே ரத்தத்தில் பார்த்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. எகிறிக் கிடந்தது.

"பட்டினி கிடந்தீங்களோ அண்ணாச்சி?"

இப்போதாவது மாத்திரை போட்டாரா என்றால், இல்லை. மெஷின் சரியில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு கரண்டிப் பொடியை இரண்டு கரண்டியாக்கினார். அடுத்த மாதம் திருநெல்வேலியில் விரலை எடுத்தார்கள்.

இன்று மாத்திரை போடுகிறார், பிரம்மநாயகி முன்னால் நின்று விழுங்க வைப்பதால். கடையில் பேச்சு மட்டும் மாறவில்லை. "பொடி குடிக்கலைன்னா காலே போயிருக்கும் பாத்துக்கிடுங்க. மிச்ச ஒம்பது விரலும் நிக்குன்னா அது பொடியாலதான்."

துணி மடித்துக்கொண்டிருந்த பிரம்மநாயகி நிமிராமலே கேட்டாள்: "அப்போ போன விரலு மட்டும் பொடி குடிக்கலையாக்கும்?"