இரண்டு சாம்பல் நிறங்கள்

கம்பம் ஊரில் புதுவீடு கட்டியபோது, கூடத்துச் சுவரில் பெயிண்டர் இரண்டு சாம்பல் நிறங்களைப் பக்கத்துப் பக்கத்தில் பூசிக் காட்டினார். மனைவி ஒன்றைச் சொன்னாள்; நான் மற்றதைச் சொன்னேன். வித்தியாசம் எனக்கே மாலை வெளிச்சத்தில்தான் தெரிந்தது. ஆனாலும் பத்து நாள் மல்லுக்கட்டி, என் நிறத்தையே அடிக்க வைத்தேன்.

மறுமாதம் எங்கள் மலைத்தோட்டத்து ஏலக்காய் வந்து இறங்கியது. வீட்டில் ஈரம் படாத இடம் கூடம்தான். விலை ஏறட்டும் என்று, வழக்கம்போல் மூட்டைகளை அந்தச் சுவரே தெரியாதபடி உயர அடுக்கினோம். ஏழு மாதமாகியும் விலை ஏறவில்லை. எதற்காக அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று சாக்குகளைப் பார்த்தபடி யோசிக்கிறேன்.

போன வாரம் வீடு பார்க்க வந்த என் அக்கா, "சுவத்துக்கு என்ன கலர் அடிச்சீக?" என்று கேட்டாள்.

மனைவி சொன்னாள்: "உங்க தம்பி எடுத்த கலரு மதினி. வெல ஏறுனதும் வந்து பாருங்க."