யோகேஸ்வரி சொன்னதும் நான் சொன்னதும்

1. நம்பர் போடுகிற மேசை

யோகேஸ்வரியை அந்த டொக்டரிடம் வரச்சொன்னது நான்தான்.

திருகோணமலை நகரில் ஒரு தனியார் சனலிங் நிலையத்தில் பதினேழு வருடம் வேலை செய்தேன். பெரிய டொக்டர்மார் கிழமைக்கு ஒன்றிரண்டு நாள் வந்து நோயாளரைப் பார்த்துவிட்டுப் போகிற இடம். காலையில் தொலைபேசியில் கேட்பவர்களுக்கு வரிசை நம்பர் போடுவேன். பின்னேரம் வி.ஓ.ஜி.யின் அறைக்குள் நிற்பேன். மகப்பேற்று நிபுணரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

தொலைபேசியில் எல்லாப் பெண்களும் கேட்பது ஒரே கேள்வி. "மிஸ், ஆர் நல்ல டொக்டர்?"

எங்களிடம் மூன்று வி.ஓ.ஜி.மார் வந்தார்கள். ஒரு பெண் டொக்டர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். தமிழ் டொக்டருக்கு நம்பர் கிடைப்பது கஷ்டம். மூன்றாமவர் சிங்களவர். பொறுமையானவர், அவசரப்பட்டு சிசேரியனுக்கு எழுதமாட்டார். தமிழ் மட்டும் வராது. நான் பிறந்து வளர்ந்தது கந்தளாயில். சிங்களம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய்ப்பழக்கம். அதனால், "சிங்கள டொக்டரிட்டயே வாங்கோ, கதைக்கிறதுக்கு நான் நிக்கிறன்" என்பேன். அந்தச் சொல்லை நம்பி மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது.

யோகேஸ்வரி கிளிவெட்டிக்காரி. வயல் செய்கிற குடும்பம். முதல் பிள்ளைக்குப் பத்து வயதானபின், முப்பத்தைந்தில் இரண்டாவது தங்கியிருந்தது. பிரஷர் கூடும் என்று பயந்து வந்தவள். டொக்டர் அவளைக் கவனமாகப் பார்த்தார். பிள்ளை சுகமாகப் பிறந்தது. பிள்ளையைக் காட்ட வந்த நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி நான் இவரிட்ட வந்திருக்கமாட்டன் மிஸ்" என்றாள்.

2. அந்தப் புதன்கிழமை

பிள்ளைக்கு ஒன்றரை வயதான நேரத்தில் மறுபடியும் வந்தாள். அவளுடைய மாமியும், புருஷனின் தாய், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தார். வெளியே இருபத்தெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான், "என்ன வருத்தம், சொல்லுங்கோ" என்றேன்.

யோகேஸ்வரி மாமியைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள். "அவரோட சேர்ந்தா பிறகு இரத்தம் படுது மிஸ். நாலஞ்சு தரம் ஆச்சு."

மாமியின் முகம் சுருங்கியது. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. எத்தனையோ பிரசவக் கதைகள் கேட்டவள். ஆனால் ஓர் ஆண் முன்னால், அந்த மாமிக்கு முன்னால், அந்த வசனத்தை என் வாயால் சொல்ல வரவில்லை.

டொக்டரிடம் சிங்களத்தில், "மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லையாம் சேர்" என்றேன்.

பால் கொடுக்கிற தாய்மாருக்கு அப்படி வருவதுண்டு என்று அவர் மூன்று மாதத்துக்குக் குளிசை எழுதினார். "முப்பத்தைந்து வயதில் கிளினிக்கில் எடுக்கிற பெப் டெஸ்ட் எடுத்தாளா?" என்று கேட்டார். கர்ப்பப்பை வாசலில் புற்றுநோய் வரப்போகிறதா என்று முன்கூட்டியே பார்க்கிற சோதனை அது. இல்லை என்றாள்.

"எடுக்கச் சொல்லு."

"நேரம் கிடைச்சா மிட்வைஃபிட்டச் சொல்லி ஒருக்கா எடுங்கோ" என்றேன். டொக்டர் நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் நான் சேர்த்ததுதான்.

அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.

3. பத்து மாதம்

குளிசை முடிந்தும் அவள் வரவில்லை. வயல் வேலை, பிள்ளைக்குக் காய்ச்சல், இப்படிப் பத்து மாதம் போய்விட்டது. வந்தபோது தனியாக வந்தாள். மெலிந்திருந்தாள். நாரியில், இடுப்புக்குப் பின்பக்கம், தாங்கேலாத நோ என்றாள்.

டொக்டர் அவளைக் கட்டிலில் ஏற்றிப் பார்த்தார். கையுறையைக் கழற்றும்போது, "உறவுக்குப் பிறகு இரத்தம் படுவது எப்போது தொடங்கியது என்று கேள்" என்றார்.

நான் கேட்கவில்லை. "போனமுறை வந்தபோதே சொன்னாள் சேர்" என்றேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "என்னிடம் சொல்லவில்லையே" என்று மட்டும் சொன்னார். பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"டொக்டர் என்ன சொல்லுறார் மிஸ்?"

அன்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சதைத்துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும், முடிவு வந்ததும் மகரகமைக்குப் போகவேண்டும் என்றேன். எங்கள் நாட்டில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊரின் பெயரைச் சொன்னால் என்ன நோய் என்று சொல்லத் தேவையில்லை. யோகேஸ்வரி உடுப்பைச் சரிசெய்துகொண்டு, "ஓம்" என்றாள்.

4. கிளிவெட்டியில்

கதிர்ச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். அன்றைக்கு அவள் சொன்னதை நான் டொக்டருக்குச் சொல்லவில்லை என்பதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், அழுகைதான் வந்தது.

அவள் தலையணையில் சாய்ந்து எழும்பி இருந்தாள்.

"உங்களுக்கு வெக்கமா இருந்திருக்கும்" என்றாள். "எனக்கும் வெக்கந்தான் மிஸ். பஸ்ஸில வரேக்க அதை எப்பிடிச் சொல்லுறதெண்டு நாலு தரம் எனக்குள்ள சொல்லிப் பாத்துக்கொண்டுதான் வந்தனான்."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன்.

அடுத்த போக நெல் வெட்டு முடிவதற்குள் அவள் செத்துப்போனாள்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்த அறையில் நின்றேன். மாமி, புருஷன், யாராக இருந்தாலும் வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். சண்டை பிடித்தவர்களும் உண்டு. முப்பத்தைந்து தாண்டிய எவளையும் பெப் டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்காமல் அனுப்பவில்லை.

எந்த டொக்டர் நல்லவர் என்று இன்றும் என்னைக் கேட்கிறார்கள். உங்களால் எல்லாவற்றையும் சொல்ல ஏலுமானவரிடம் போங்கள் என்கிறேன். நடுவில் ஒருத்தி நின்று சொல்லவேண்டுமென்றால், அவளையும் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள் என்கிறேன். அந்த இடத்தில் நிற்க வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நோயாளி வெட்கத்தை விட்டுத்தான் வாய் திறக்கிறாள். உங்களுடைய வெட்கத்தை அதில் கலக்காதீர்கள்.

யோகேஸ்வரி சொன்ன வசனத்துக்குச் சிங்களம் எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது.