ஊர்கேன் சொன்ன வானிலை

ஊர்கேனின் வாயில் கெட்ட வார்த்தை வராது. அவனைப் பொறுத்தவரை பனி என்பதும் கெட்ட வார்த்தைதான்.

சாயங்காலமானால் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கூடாரங்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறிவிடுவான். அங்கேதான் லே நகரத்து வானொலி நிலையம் ஒழுங்காகக் கேட்கும். எங்கள் ருப்ஷு மேட்டுநிலத்தில் உதிர்வதற்கு ஓர் இலைகூடக் கிடையாது. அக்டோபர் தாண்டினால் மந்தை மேய்க்கும் எங்கள் ஜனத்துக்கு ஒரே கவலை, முதல் பெரும்பனி என்றைக்கு என்பதுதான். ரேடியோ கடுங்குளிர் என்றால் இவன் இறங்கி வந்து, "கொஞ்சம் சிலுசிலுன்னு இருக்குமாம்" என்பான். பனி என்றால், "மேகம் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகுமாம்" என்பான்.

"இவன் வாயில விழுந்தா புயல்கூட விருந்தாளியாயிடும்" என்பாள் பக்கத்துக் கூடாரத்து சுஸ்கித். முந்தைய குளிர்காலத்தில் புல்வெளியைப் பங்குபோடத் தாயம் உருட்டியபோது நல்ல புல் ஊர்கேனுக்கு விழுந்தது. அன்றிலிருந்து அவள் அவனோடு முகம்கொடுத்துப் பேசியதில்லை. ஏசுவதற்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

இளவயதில் ஊர்கேன் ரோடு போடும் கூட்டத்தில் மேஸ்திரியாக இருந்தான். ஆட்களை அதட்டத் தெரியாமல் தானே கல் சுமந்து, முதுகு பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். கல்யாணமும் தாமதம், பிள்ளையும் தாமதம். கோபா என்கிற தலைவர் பதவி எங்களிடம் வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்து வரும். ஆளைப் பார்த்து வராது. அதனால்தான் அந்த வருஷம் அவனுக்கும் வந்தது. அதே வருஷம் அவன் மனைவி குன்ஸெஸுக்குப் பெண் குழந்தையும் பிறந்தது. சந்தோஷம் தாங்காமல் ஆடுகளிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அன்று மேட்டிலிருந்து இறங்கியவன் ரேடியோவை அணைக்கக்கூட மறந்திருந்தான்.

"பனி" என்றான். "நாளன்னிக்கு ராத்திரி. கனமா."

யாரும் சிரிக்கவில்லை. அவனே வாய்விட்டுச் சொல்கிறான் என்றால் விஷயம் பெரிது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. குளிர்காலப் புல்வெளி ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு நாள் நடை. எல்லாக் கூடாரமும் ஒரே நாளில் கிளம்ப வேண்டும். முந்திப்போய் மேய்த்தால் அபராதம். அந்த நாளைச் சொல்ல வேண்டியவன் கோபா.

ஆனால் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் ஓடையைத் தாண்டக்கூடாது. தகப்பனுக்கு ஒரு வாரத்தில் தீட்டுக் கழிந்துவிடும், தாய்க்குக் கழியாது. தண்ணீரில் குடியிருக்கும் நாகர்கள் கோபித்துக்கொண்டால் ஆளுக்கும் ஆட்டுக்கும் ஆகாது என்பது எங்கள் கணக்கு.

ஊர்கேன் கூடாரத்துக்குள் வந்து குன்ஸெஸ் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"யாக் மேல ஏத்திக் கூட்டிட்டுப் போறேனே. உன் கால்ல தண்ணி படாது."

"பட்டா என்ன, படாட்டி என்ன? தாண்டினது தாண்டினதுதான்." குழந்தையின் நெற்றியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். "எனக்கு நாகர் பயம்கூட அவ்வளவா இல்ல. அப்புறம் எவன் வீட்டு ஆடு செத்தாலும் எல்லாரும் இவ மூஞ்சியத்தானே பாப்பாங்க? காலம் பூரா பாப்பாங்க. அது எனக்கு வேண்டாம்."

அவனுக்கும் அது வேண்டாம். ஓடை ஊறும் சுனைக்கு மேலே ஏறிச் சுற்றிப் போனால் தண்ணீரே குறுக்கே வராது. ஆனால் அது சரளைக்கல் சரிவு, இன்னொரு முழு நாள் பிடிக்கும். பனி துரத்திக்கொண்டு வரும்போது, "என் வீட்டுக்காக நீங்களும் சுற்றுங்கள்" என்று எந்த வாயால் கேட்பது? சின்னப் பிள்ளையோடு தாங்கள் தனியாகப் போனால் வழியிலேயே மாட்டிக்கொள்வோம் என்பதும் அவனுக்குத் தெரியும். வெளியே வந்து, "விடியக்காலம் கிளம்பிடுங்க. நாங்க தீட்டுக் கழிச்சிட்டு வர்றோம்" என்று மட்டும் சொன்னான். இரண்டு வாரப் பனியில் தனிக் கூடாரம் என்னவாகும் என்று அங்கே இருந்த சிறுவர்களுக்குக்கூடத் தெரியும்.

விடியற்காலையில் கூடாரங்கள் சுருட்டப்படும் சத்தம் கேட்டது. ஊர்கேன் வெளியே போகவில்லை, போனால் அழுதுவிடுவான். ஆட்டுமணிச் சத்தம் நகர்ந்தது. ஆனால் ஓடைப்பக்கம் போகவில்லை, மேட்டுப்பக்கம் போயிற்று. பதறிப்போய் ஓடினான்.

முன்னால் சுஸ்கித், கையில் கவண்கயிறு.

"அச்சே-லே!" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டான் ஊர்கேன். "வழி தப்பிட்டீங்க! ஓடை அந்தப் பக்கம்."

"எனக்கா வழி சொல்ற?" அவள் நிற்கக்கூட இல்லை. "கோபான்னு ஒருத்தன வச்சிருக்கோம், அவனுக்கு வாயத் திறந்து கேக்கத் தெரியல. நின்னு வேடிக்க பாக்காத, பொண்டாட்டிய யாக்ல ஏத்து. பனி உனக்காகக் காத்திருக்குமா?"

பின்னால் ஒவ்வொரு கூடாரத்து மந்தையும் சுனையைச் சுற்றிப் போகும் சரளைச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. ஊர்கேன் அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு கூடாரத்தைப் பிரிக்க ஓடினான்.

சுனைக்கு மேலே அன்றைய இரவைக் கழித்தார்கள். மறுநாள் கடைசி இறக்கத்தில் பனி பிடித்துக்கொண்டது. ரேடியோ சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்து, கண்ணை மறைத்தது. புல்வெளி சேர்ந்து ஆடுகளை எண்ணியபோது ஒன்று குறைந்தது. தேடிப் போனவர்கள் சரிவில் கால் முறிந்து, விறைத்துச் செத்துக் கிடந்ததைத் தூக்கி வந்தார்கள். சுஸ்கித்தின் ஆடு.

குன்ஸெஸ் குழந்தையை ஆட்டுத்தோல் அங்கிக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். ஊர்கேன் முன்னால் வந்து, "அச்சே-லே, என் மந்தையிலேர்ந்து ஒண்ணு..." என்று தொடங்கினான்.

"உன்கிட்ட நான் கேட்டேனா?" சுஸ்கித் பனியை உதறிக்கொண்டு நேராகக் குன்ஸெஸிடம் போனாள். குழந்தையை வாங்கித் தன் அங்கிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "கெழட்டு ஆடு. போன வருஷமே போயிருக்கணும், ஏதோ இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு."

அந்த ஆடு அந்த வசந்தத்தில்தான் முதல் குட்டி போட்டிருந்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். "ஆமா, கெழட்டு ஆடுதான்" என்றார்கள்.